நடுப் பாலிகை

நீலமேகத்துக்குக் கோபம் வந்தால் முதலில் தோளிலிருந்து துண்டு விழும். சத்தம் அப்புறம்தான் வரும். அன்றைக்குக் காலையில் துண்டு விழுந்தது, சத்தம் வரவில்லை. அவர் மனைவி வேண்டா அதைப் பார்த்துத்தான் கையிலிருந்த காபி டம்ளரை எங்கேயோ வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

சாமி அறையில் ஐந்து மண் பாலிகைகளுக்கு முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை பரிமளாவுக்கு நாளை மறுநாள் கல்யாணம். பந்தக்கால் நட்ட அன்று ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து, ஊறவைத்த தானியத்தை அந்தக் கிண்ணங்களில் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். முகூர்த்தத்தன்று அவை மணமேடைக்குப் போக வேண்டும். அதற்குள் பயிர் பச்சென்று எழுந்து நின்றால் பெண் நன்றாக வாழ்வாள் என்பது ஊர்ப் பேச்சு. எழுந்து நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் கல்யாண வீட்டில் சொல்ல மாட்டார்கள். அடுத்த தெருவுக்குப் போய்ச் சொல்வார்கள்.

நாலு பாலிகைகளில் உளுந்தும் பாசிப்பயறும் கொள்ளும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நின்றன. நடுவில் இருந்த பெரிய பாலிகை மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

"இன்னாங்க?" என்றாள் வேண்டா.

நீலமேகம் சுண்டுவிரலால் மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சோயா விதை. தோல் கழன்று உப்பிப் போய், மேலே பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகப் பூத்திருந்தது. புளிச்ச வாடை வேறு.

"பூசணம்," என்றார். "ஒண்ணுகூட முளைக்கல. அல்லாம் செத்துப் போயிட்டுகீது."

"இன்னும் டைம் கீதே. தண்ணி தெளிச்சுப் பாப்போம்."

"செத்ததுக்குத் தண்ணி தெளிச்சா எந்திரிச்சு ஒக்காருமா?" அப்போதுதான் சத்தம் வந்தது. வந்த வேகத்திலேயே அடக்கிக்கொண்டார். கூடத்தில் பரிமளா ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் பாலிகையைப் பார்க்கக் கூடாது என்று அவளை இந்த அறைப் பக்கமே விடவில்லை. அவள் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

நடுப் பாலிகையில் சோயா வந்த கதை இதுதான்.

மாப்பிள்ளை ரவிச்சந்திரன் அணுபுரத்தில் இருக்கிறார். அணுமின் நிலையத்தில் டெக்னீசியன் வேலை. அவருடைய அம்மா ஞானம்பாள் கும்பகோணத்துப் பக்கம். அதிகம் பேசாத அம்மாள், ஆனால் கண் மட்டும் எதையும் விடாது. நிச்சயதார்த்தத்தில் சீர்வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர், வெற்றிலைத் தட்டு மாற்றும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "நடுப் பாலிகையில பொண்ணு வீட்டு நிலத்துல விளைஞ்சதைத்தான் போடணும். கடையில வாங்கினது வேண்டாம். அது எங்க வழக்கம்."

"அதுக்கின்னாம்மா, ஜமாய்ச்சிடலாம்," என்று நீலமேகம் மார்தட்டிவிட்டார். மார்தட்டின பிறகுதான் யோசனை வந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டை ஒட்டி அவருக்கு இருப்பது கிணற்றுப் பாசன மேட்டு நிலம். நெல் கிடையாது. வழக்கமாக வேர்க்கடலை போடுவார். அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் பார்த்து, வேளாண்மை ஆபீஸ் ஏசுதாஸ் பேச்சைக் கேட்டு நிலம் முழுக்க சோயா போட்டிருந்தார். விதைக்கென்றே வளர்ப்பது. முளைப்புத்திறன் நன்றாக இருந்தால் ஆபீஸே எடுத்துக்கொள்ளும்.

ஏசுதாஸ் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியபோதே சொன்னார். "அண்ணாத்த, ஆடி பொறந்ததும் போட்டுடு. தள்ளாத. இதுக்குக் காய் முத்துற நேரத்துல வெயில் வேணும். காய் காஞ்சுகினு நிக்கும்போது மழை புடிச்சிச்சின்னா பூசணம் காய்க்குள்ள பூந்து குந்திக்கும். மேல பாத்தா நல்லாத்தான் இர்க்கும். முளைக்காது."

"அட, நா இன்னா நேத்து பொறந்தவனா?" என்றார் நீலமேகம்.

ஆடி பிறந்தது. ஏர் ஓட்டி மண்ணைப் பொலபொலவென்று வைத்தாயிற்று. நாளைக்கு விதைப்பு என்று ஆளுக்கும் சொல்லியாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் பரிமளா பம்புசெட்டு ரூமிலேயே சுருண்டு படுத்துவிட்டாள். தொட்டால் கை சுட்டது. டைஃபாய்டு.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஆம்பளைகளை விட மாட்டார்கள். நீலமேகம் வராந்தாவில் ஒரு தூணைத் தன் பேருக்குப் பட்டா போட்டதுபோலச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வேண்டா உள்ளே, அவர் வெளியே. ஜுரம் இறங்கும், மறுபடி ஏறும். ஒரு கட்டத்தில் பரிமளா யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தபோது, நர்ஸம்மாவே மனசு இளகி அவரை உள்ளே விட்டாள். அப்புறம் அவர் வெளியே போகவே இல்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மாடி, அண்ணன் கீறேன்டா, எங்கியும் போல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவர் தோளில் தூக்கி வளர்த்த பெண். கண்ணாலம் ஆகி வேண்டா வந்தபோது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்.

ஏசுதாஸ் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கே வந்து, "ஆளை வெச்சாவது வெதைச்சிடு அண்ணாத்த, பட்டம் போவுது," என்றார்.

"போனா மயிராச்சு," என்றார் நீலமேகம். "வெதை போடறதுக்குக் கை வேணும்பா. இந்தக் கை இங்க கீது."

பரிமளா எழுந்து நடமாடி, கஞ்சி குடித்து, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆவணி பாதி போய்விட்டது. அதற்கப்புறம்தான் விதைத்தார். பயிர் என்னவோ பார்க்க ஜோராகத்தான் வந்தது. கார்த்திகையில் காய் பழுத்து நிற்கும்போது வானம் திறந்துகொண்டது. விட்டு விட்டுக்கூட இல்லை, விடாமல். மழை நின்ற இடைவெளியில் கடல் காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காயைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டது. தண்டெல்லாம் மிளகுத்தூள் கொட்டினதுபோல வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி. உரித்துப் பார்த்தால் நாவல்பழம் தின்ற வாய்போல விதை ஊதா பூத்திருந்தது. முளைப்புத்திறன் பார்த்துவிட்டு ஆபீஸில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் எண்ணெய் மில்லுக்குப் போயிற்று.

அதில் கடைசி மூட்டையிலிருந்து, கறை இல்லாத, சுருக்கம் இல்லாத, மஞ்சளாக உருண்டு திரண்ட விதையாகப் பார்த்துப் பார்த்து ஒரு படி பொறுக்கி வைத்திருந்தார் நீலமேகம். ஏசுதாஸ் சொன்னது அவருக்கு மறந்துபோகவில்லை. ஆனாலும், இவ்வளவு லட்சணமாக இருக்கிற விதை முளைக்காமலா போகும் என்று ஒரு நப்பாசை. தங்கை கல்யாணத்துக்குத் தன் நிலத்து விதையைத்தான் போட்டேன் என்று சொல்லிக்கொள்கிற பெருமை வேறு. அந்தப் பெருமைதான் இப்போது உள்ளங்கையில் வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது.

"உள்ளதைச் சொல்லிட்டா இன்னா?" என்றாள் வேண்டா. "மழையில மாட்டிகிச்சின்னு?"

"ஏன் மழையில மாட்டிச்சின்னு கேப்பாங்க. லேட்டா வெதைச்சோம்னு சொல்லணும். ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. அப்ப இன்னா சொல்லுவ?"

சிக்கலே அங்கேதான் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று பரிமளா இளைத்திருந்ததைப் பார்த்து ஞானம்பாள், "உடம்புக்கு முடியாம இருந்துதா? யாரு பார்த்துக்கிட்டா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் வந்த ஒரு வரன், டைஃபாய்டு என்று கேட்டதுமே பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தது. அந்தப் பயத்தில் நீலமேகம், "அட, லேசா ஜொரம்மா. ரெண்டு மாத்திரை போட்டுது, மறாநாளே ஓடியாடிச்சு," என்று அடித்துவிட்டார். உதிர்ந்துபோன தலைமுடிக்கு வேண்டா சவுரி வைத்துப் பின்னிவிட்டிருந்தாள். இப்போது நடுப் பாலிகையின் கதையை இழுத்தால் அந்தப் பொய்யும் கூடவே வரும். மொட்டைப் பாலிகை ஒரு பக்கம், மறைத்த சீக்கு ஒரு பக்கம். எந்த மாமியார்க்காரி இரண்டையும் தாங்குவாள்? பரிமளாவுக்கு வயது இருபத்தொன்பது. இந்த இடமும் தட்டிப்போனால் அவளே இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

நீலமேகம் டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுக்குப் போனார். நல்ல சோயா விதை கிடைத்தால் ஈரத்துணியில் முடிந்து, முளை கட்டி, இருக்கிற மண்ணில் சொருகிவிடலாம் என்பது கணக்கு. முதல் கடைக்காரன் சோயாவா என்று கேட்டு, மீல் மேக்கர் உருண்டையை எடுத்துப் போட்டான்.

"இத்த போட்டா முளைக்குமாடா?"

"முளைக்காது அண்ணாத்த. கொழம்பு வேணா வெக்கலாம்."

நாலு கடை ஏறி இறங்கினார். மலைக்கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் தேங்காய்க் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கும் ஏதோ ஒரு வேண்டுதல் இருக்கிறது, நமக்கு ஒரு கைப்பிடி விதை கிடைக்க மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கடைசியில் வெள்ளை மொச்சை வாங்கிக்கொண்டு திரும்பினார். மொச்சை முளைக்கும். முளைத்து இரண்டு இலை விட்டால் சோயாவுக்கும் மொச்சைக்கும் வித்தியாசம் தெரியவா போகிறது?

அன்று முழுக்க அந்த மொச்சை ஈரத்துணி முடிச்சாக வேண்டாவின் அடுப்படிச் சூட்டில் கிடந்தது. மறுநாள் காலையில் அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கடையில் வாங்கினது வேண்டாம் என்று அந்த அம்மாள் சொன்ன ஒரே வார்த்தை காதில் குடைந்துகொண்டிருந்தது. ஆனாலும் சாமி அறைக்குள் போய் நடுப் பாலிகையில் கையை விட்டுச் செத்த சோயாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டார். போட்டுவிட்டு முதல் மொச்சையை எடுத்தார்.

"தம்பி இருக்காரா?"

வாசலில் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. ஞானம்பாள் கையில் ஒரு பையோடு கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். மணமேடையில் பாலிகையைச் சுற்றிக் கட்டுகிற மஞ்சள் துணி தன் வீட்டிலிருந்து வர வேண்டும், அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். சாமி அறை வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. கணவனை இழந்தவர்; மங்கல காரியம் நடக்கிற இடத்தில் தானாகவே ஒதுங்கி நிற்கிற பழக்கம்.

நீலமேகத்தின் ஒரு கையில் முளைவிட்ட மொச்சை. மறு கை பாலிகை மண்ணுக்குள். மடியில் பூசணம் பிடித்த சோயா. மறைப்பதற்கு மூன்றாவது கை இல்லை.

"அது வந்து... சும்மா... களை எடுத்துகினு இர்ந்தேன்மா," என்றார்.

பாலிகையில் களையாம்! வேண்டா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஞானம்பாள் குனிந்து அவர் மடியையே பார்த்தார். கூடத்திலிருந்து பரிமளா எழுந்து வந்து மாமியாருக்குப் பின்னால் நின்றாள். பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த பாலிகையைப் பார்த்தாள். அண்ணனின் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"அத்தே," என்றாள். "அண்ணன் மேல தப்பில்ல. ஆடியில போட வேண்டிய வெதை. எனக்கு டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். பொழைப்பேனான்னே தெரியலன்னு சொல்லிட்டாங்களாம். அண்ணன் நெலத்தப் போட்டுட்டு என்னாண்டயே குந்திகினு இர்ந்தாரு. அதான் லேட்டா வெதைச்சி, மழையில மாட்டி, பூசணம் புடிச்சிச்சு. ஒங்ககிட்ட லேசான ஜொரம்னு சொன்னது பொய்யி. இந்தத் தலைமுடிகூட—"

"பரிமளா!" என்றார் நீலமேகம்.

"இர்ண்ணா. சொல்லாம அந்த வூட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது."

அவள் குரல் உடையவில்லை. கைதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. நீலமேகத்துக்கு ஒரு பக்கம் நெஞ்சு பொங்கியது, இன்னொரு பக்கம் போச்சு, எல்லாம் போச்சு என்று அடித்துக்கொண்டது.

ஞானம்பாள் கையை நீட்டினார். "அதை இப்படிக் குடுங்க, தம்பி."

செத்த விதைகளை அவர் உள்ளங்கையில் போட்டார் நீலமேகம். அம்மாள் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். மாவாகப் போயிற்று.

"எத்தனை நாள் ஆஸ்பத்திரியில இருந்தீங்க?"

"எண்ணலம்மா. ஆடி அல்லாமே அங்கதான் போச்சு."

"அன்னிக்கு உங்களை நான் என்ன கேட்டேன்? ஞாபகம் இருக்கா?"

"ஜொரம் வந்துச்சான்னு..."

"யாரு பார்த்துக்கிட்டான்னு கேட்டேன். நீங்க அதுக்குப் பதிலே சொல்லல." ஞானம்பாள் வாசற்படியிலேயே மெல்ல உட்கார்ந்தார். "ஜுரம் யாருக்குத்தான் வரல? பொண்ணு சவுரி வச்சிருந்தது எனக்குத் தெரியாதா? ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் முப்பது வருஷம் தலை பின்னிவிட்டவ நான்."

வேண்டா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ரவிக்கு அக்கா ஒருத்தி இருந்தா," என்றார் ஞானம்பாள். "மீனாட்சின்னு பேரு. பம்பாய்ல குடுத்தோம். அவ கல்யாணத்துல பாலிகை எப்படி முளைச்சுதுங்கறீங்க! சாண் உசரம். ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. மூணாவது வருஷம் ஜுரம்னு படுத்தா. அந்த வீட்டுல எல்லாருக்கும் வேலை. ஆளாளுக்கு ஆபீஸ் போயிட்டாங்க. தண்ணி மொண்டு குடுக்க ஆள் இல்லாம, அவளே எழுந்து குழாய்க்குப் போயிருக்கா. தந்தி வந்து நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள..." அம்மாள் கையில் இருந்த விதைகளை மூடிக்கொண்டார். "பாலிகை முளைச்சுது தம்பி. பக்கத்துல உட்காரத்தான் ஆள் இல்ல."

நீலமேகம் மொச்சையைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் மீசை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கத் துண்டும் கையில் இல்லை.

"அப்ப எதுக்கும்மா எங்க நெலத்து வெதையே வேணும்னு சொன்னீங்க?" என்று வேண்டாதான் கேட்டாள்.

"எங்க பக்கம் நடுப் பாலிகையைக் குளத்துல கரைக்க மாட்டோம். வீட்டுக்குப் பின்னாடி நட்டு வைப்போம். புதுசா வர்ற பொண்ணு, புது ஊரு. அவ மண்ணுல விளைஞ்சது ஒண்ணாவது அவ கண்ணு முன்னாடி இருக்கட்டும்னுதான். சகுனம் பார்க்கிறதுக்கு இல்ல."

பரிமளா சட்டென்று உள்ளே போனாள். அவளுடைய தையல் பெட்டியைக் கிளறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பாதிக்கு மேல் சோயா விதை. வெளுத்த பொன் நிறம், ஒரு கறை இல்லை. குலுக்கினால் கணீரென்று சத்தம் வந்தது.

"இதேது?" என்றார் நீலமேகம்.

"மறந்துட்டியாண்ணா? ஏசுதாஸண்ணன் மூட்ட எறக்குன அன்னிக்கே ஒரு கைப்பிடி அள்ளி வாய்க்கா ஓரமா போட்டேனே, செடி எப்படி இர்க்கும்னு பாக்க. நா ஜொரத்துல கெடக்கறப்ப அது பாட்டுக்கு வளந்துகினு இர்ந்திச்சு. பொரட்டாசி வெயில்ல காஞ்சுது. நாந்தான் குந்திகினே புடுங்கனேன். கொலுவுக்குச் சுண்டல் பண்ணமே."

"அல்லாமே சுண்டல்ல போச்சுன்னுதானே நெனச்சேன்!"

"கொஞ்சம் எடுத்து வெச்சேன்." அவள் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள். "போறப்ப கையோட எடுத்துகினு போலாம்னு."

ஞானம்பாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

அதே மூட்டை, அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர். ஒன்று வெயிலில் முற்றியது, இன்னொன்று மழையில் முற்றியது, அவ்வளவுதான். நீலமேகம் பாட்டிலை வாங்கிக் காதருகே வைத்து மறுபடி மறுபடி குலுக்கிப் பார்த்தார். "இதையே இப்ப ஊறப் போட்டா நாளைக்குள்ள பயிரா நிக்காது, ஆனா மண்ணையாவது பொளக்கும்மா," என்றார்.

"வேண்டாம்," என்றார் ஞானம்பாள். "அது அணுபுரத்துக்கு வரட்டும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னாடி இடம் இருக்கு. மேடைக்கு இந்தப் பாலிகை இப்படியே வரட்டும். இந்த மொச்சையைக் குழம்பு வையுங்க."

மஞ்சள் துணியை வேண்டாவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் அந்தச் செத்த விதைகளை மறுபடி மண்ணில் போடச் சொன்னார். பரிமளாவே போட்டு மூடினாள். கல்யாணப் பெண் பாலிகையைத் தொடலாமா கூடாதா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் மண்டபம் கொள்ளாத கூட்டம். மணமேடையில் நாலு பாலிகைகள் பச்சைக் குடுமி வைத்து நின்றன. நடுவில் மொட்டை. நீலமேகத்தின் கண் மேளத்திலும் இல்லை, ஓமத்திலும் இல்லை, அந்த மொட்டைப் பாலிகையின் மேல்தான். எதிர்பார்த்தபடியே முன்வரிசையில் எல்லம்மாள், ஒன்றுவிட்ட சித்தி, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். "இன்னாடி இது, நடுப் பாலிகை மொட்டையா கீது?"

ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஞானம்பாளுக்கு அது கேட்டுவிட்டது. "அது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்துச்சு," என்றார் நிதானமாக. "வர லேட்டாகும்."

எல்லம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் வாயும் திறக்கவில்லை. நீலமேகத்துக்கு வந்த சிரிப்பை அடக்கப் போய் அது தும்மலாக வெளியே வந்தது. பரிமளா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை ரவிச்சந்திரன் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். கெட்டி மேளம் அடங்குகிறவரைக்கும் அந்தச் சிரிப்பு அவர்கள் முகத்தில் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அணுபுரம் போகிற வேன் வாசலில் வந்து நின்றது. பரிமளா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்திருந்தாள். நடுப் பாலிகை மஞ்சள் துணியோடு ஞானம்பாளின் மடியில் இருந்தது. நீலமேகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக மனசுக்குள் எவ்வளவோ பேசி வைத்திருந்தார். வாயில் வந்தது விவசாயம்தான்.

"ஆடி பொறந்ததும் போட்டுடு, இன்னா? ரொம்ப ஆழமா புதைக்காத. தள்ளிப் போட்டுகினே இர்க்காத. ஐப்பசி மழை வர்றதுக்குள்ள காய் காஞ்சி வூட்டுக்குள்ள வந்துடணும். மழையில மாட்டுச்சின்னா நீ இன்னா பண்ணாலும் உள்ள பூசணம் பூந்துடும்."

"சரிண்ணா."

"ஆளு அம்பு யாருக்கும் காத்துகினு இர்க்காத."

"சரிண்ணா."

"நீ வெதைக்கறப்ப நானே வேணா வந்து—"

"ண்ணா," என்றாள் பரிமளா. கண்ணில் தண்ணீர் நிற்க, உதடு சிரித்தது. "ஆடியில மறுபடி எனக்கு ஜொரம் வந்துச்சின்னா?"

"சீ, வாயக் கழுவு!" என்று கத்தினார் நீலமேகம். கத்தின பிறகு குரல் இறங்கிவிட்டது. "வந்தா... வெதை கெடக்குது கழுத. அணுபுரத்துலேர்ந்து ஒரு போன் போடு. ஏர் மாட்டிகினு இர்ந்தாலும் அப்படியே போட்டுட்டு வந்து குந்திக்கறேன்."

"நீங்க வர வேண்டாம், தம்பி," என்றார் உள்ளேயிருந்து ஞானம்பாள்.

நீலமேகம் திகைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் மொட்டைப் பாலிகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பரிமளாவின் கைமேல் வைத்திருந்தார்.

"இந்தத் தடவை நேரத்துக்கு நிலத்தை விதைங்க," என்றார். "உட்கார நான் இருக்கேன்."

வேன் கிளம்பிற்று. நீலமேகத்தின் துண்டு கீழே விழுந்தது. சத்தம் வரவில்லை. வேண்டா குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.